புல்லை எந்த உயரத்தில் வெட்டுகிறீர்கள்? அனுபவப் பகிர்வு

சிலேத்தார் வாசி:

எங்கள் தரைவீட்டின் முன்புறம் கவ் கிராஸ், பின்புறம் ஸோய்சியா என இரண்டு புல்வகைகள் வளர்கின்றன. புல் வெட்டும் குத்தகைக்காரர் இரண்டையும் ஒரே உயரத்தில் ஒட்ட வெட்டிவந்தார். பின்புறம் பாய் விரித்ததுபோல் இருந்தது. முன்புறத்திலோ மண் தெரிந்தது; மண் தெரிந்த இடமெல்லாம் கோரையும் தொட்டாற்சிணுங்கியும் முளைத்தன. உரம் போதவில்லை என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள்.

காரணத்தைச் சொன்னவர் வேலைக்குப் புதிதாக வந்த புதுக்கோட்டைத் தம்பி. கவ் கிராஸ் அகன்ற இலையும் தரையில் ஓடும் தண்டும் கொண்டது. ஒட்ட வெட்டினால் இலை முழுவதும் போய்த் தண்டு மட்டுமே எஞ்சும். அந்தத் தண்டு, வேரில் இருக்கும் சேமிப்பை எடுத்துத்தான் மறுபடி இலை விட வேண்டும். இரு வாரத்திற்கு ஒருமுறை இதுவே நடந்தால் வேர் ஆழமாக இறங்குவதில்லை. போதாக்குறைக்கு, நிழலற்ற மண்ணில் வெயில் நேராக விழுவதால் களை விதைகள் எளிதாக முளைக்கின்றன. ஸோய்சியாவின் இலை மெல்லியது, நெருக்கமானது என்பதால் 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை அது தாங்கும். கவ் கிராஸுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டராவது விட வேண்டும்.

பிறகு அவர் புல்வெட்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, கத்தியின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே அடிக்கோலை வைத்துக் காட்டினார். உயரத்தை மாற்றும் நெம்புகோலில் 3 என்று பொறித்திருந்த இடத்தில் உண்மையான உயரம் 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. அந்த எண் வெறும் படிநிலையே என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். உயரத்தைக் கூட்டிய பின் முன்புறம் மெதுவாக அடர்ந்துவருகிறது. புல் உயர்ந்தால் கொசு வரும் என்று அம்மா இன்னமும் குறைப்படுகிறார். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில்தான் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் என்ன உயரம் வைக்கிறீர்கள்?

ஈசூன் வாசி:

நான் நிலவனப்புப் பணியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். உயரத்தைவிட, ஒரே முறையில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதுதான் புல்லை அதிகம் பாதிக்கிறது என்பது என் கருத்து. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் கொவிட் முறியடிப்புத் திட்டம் என்ற கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது பெரும்பாலான இடங்களில் புல் வெட்டும் வேலை நின்றுபோனது. சாலையோரங்களில் காட்டுப்பூக்கள் மலர்ந்து வண்ணத்துப்பூச்சிகள் வந்ததைப் பலர் ரசித்திருப்பீர்கள். எங்களுக்கோ அது வேறு கவலையாக இருந்தது. வேலை மீண்டும் தொடங்கியதும், ஒரு கொண்டோமினிய அடுக்குமாடி வளாகத்தின் நிர்வாகம் முழங்காலளவு வளர்ந்திருந்த புல்லை அன்றே பழைய உயரத்திற்குக் கொண்டுவரச் சொன்னது. அவ்வளவு உயர்ந்த புல்லில் பச்சை இலை மேலேதான் இருக்கும், அடியில் வெளுத்த தண்டுதான் என்று எடுத்துச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. வெட்டி முடித்தபோது வளாகமே வைக்கோல் நிறமாகிவிட்டது. நீச்சல் குளத்துப் பின்புறத்தை மட்டும், அன்று நேரமில்லாத காரணத்தால் விட்டுவைத்து, பிறகு படிப்படியாகக் குறைத்தோம். அந்தப் பகுதி பச்சை மாறவே இல்லை.

ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தோட்டக்கலையில் பழைய விதி. 6 சென்டிமீட்டரில் வைத்திருக்க விரும்பினால் 9 சென்டிமீட்டர் வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். மழை மிகுந்த மாதங்களில் அதற்கு வாரம் ஒருமுறைகூட வெட்ட நேரலாம். ஒட்ட வெட்டினால் அடுத்த மாதம் வரை கவலையில்லை என்று நினைக்கும் வாடிக்கையாளர்களிடம் இதைப் புரியவைப்பதே எங்கள் வேலையில் பாதி. கோல்ஃப் திடலைக் காட்டி அதுபோல் வேண்டும் என்பவர்களும் உண்டு; குழியைச் சுற்றியுள்ள பகுதியை அவர்கள் சில மில்லிமீட்டரில் வைக்கிறார்கள் என்றால், அதற்கென்றே உள்ள புல்வகையும் உருளைக் கத்தியும் அன்றாடப் பராமரிப்பும் அங்கே இருக்கின்றன.

புக்கிட் தீமா வாசி:

எங்கள் வேலியோரத்தில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிழல் விரித்திருக்கிறது. வெளிச்சம் குறைந்த அந்தப் பகுதியில் மற்ற இடத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்ட பிறகே புல் நிற்கத் தொடங்கியது. மழை பெய்து ஓய்ந்த உடனே வெட்டுவதையும் நிறுத்திவிட்டோம், ஏனெனில் ஈர மண்ணில் சக்கரம் அழுந்தும்போது கத்தியும் கூடவே இறங்கி, வைத்த உயரத்தைவிடத் தாழ்வாக வெட்டிவிடுகிறது.

சிலேத்தார் வாசி:

நன்றி, ஐயா. ஈசூன் அண்ணனிடம் ஒரு கேள்வி: பிப்ரவரியில் மழை குறையும்போது உயரத்தை மாற்றுகிறீர்களா?

ஈசூன் வாசி:

ஆம், தம்பி. வறட்சி தொடங்கும் முன்பே ஒரு படி உயர்த்திவிடுவோம். உயர்ந்த புல் தன் நிழலால் மண்ணின் ஈரத்தைக் காக்கும். வெட்டிய துணுக்குகள் சிறியவையாக இருந்தால் வாரிக் கொட்டாமல் அங்கேயே விட்டுவிடுங்கள்; அவை மக்கித் தழைச்சத்தைத் திருப்பித் தரும். கத்தியையும் தீட்டச் சொல்லுங்கள். மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும். மறுநாள் நுனி வெளுத்திருந்தால் உயரத்தை மாற்றுவதற்கு முன் கத்தியைப் பாருங்கள்.