சிரோஸ் தீவு வாழ்க்கை: புதுப்பிப்பு

கிரேக்கத் தீவில் குளிர்காலத்தை ஓட்ட முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்டோபரோடு கடையெல்லாம் மூடிவிடும், ஏதென்ஸிலேயே இருந்துவிடு என்று பலர் சொன்னீர்கள். சிரோஸுக்கு அது பொருந்தவில்லை. இங்குள்ள எர்முப்போலி நகரம்தான் சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் தலைநகரம். அரசு அலுவலகங்கள், நீதிமன்றம், கப்பல் கட்டும் தளம் எல்லாம் இருப்பதால் ஜனவரியிலும் ஊரில் நடமாட்டம் உண்டு.

குளிரைவிட ஈரம்தான் படுத்துகிறது. பழைய கல் வீடு, சுவரெல்லாம் பூஞ்சை. ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே ஈரம் உறிஞ்சும் மெஷினை வாங்குங்கள்.

அப்புறம் கப்பல். காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவு 8ஐத் தொட்டால் பெரும்பாலும் புறப்படத் தடைதான். வேலைநிறுத்தமும் சேர்ந்துகொண்டால் சூப்பர் மார்க்கெட்டில் பாலும் காய்கறியும் குறைய ஆரம்பிக்கும். ஏதென்ஸில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தைய நாளே போய்விடுகிறேன்.

காகித வேலையில் முதலில் 'ஏஎஃப்எம்' என்கிற 9 இலக்க வரி எண். அது இல்லாமல் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எதுவும் நகராது. கையெழுத்துச் சான்றுக்கு 'கெப்' என்கிற அரசு சேவை மையம், காலையிலேயே போய்விடுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் ஊரே தூங்கும், அந்த நேரத்தில் சுவரில் டிரில் போட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி சும்மா விடமாட்டார்.

வாடகை பற்றிக் கேட்டவர்களுக்கு: கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்காக மே மாதமே காலி செய்யச் சொல்லும் உரிமையாளர்கள் நிறைய. ஒப்பந்தத்தில் ஆண்டு முழுவதும் என்று எழுதி வாங்குங்கள்.