சர்வர் 200 காட்டுது, பெட்டியில் ஒன்றும் மாறல: ஏடிஏ கான்ஃபிக் அனுபவங்கள்

டயல்டோன்:
கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802, சாதா போனை இணைய அழைப்பில் இணைக்கும் ஏடிஏ பெட்டி. தன் அமைப்பு ஃபைலை (கான்ஃபிக்) சர்வரிடம் கேட்டு வாங்கும். சர்வர் லாகில் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல் பெயருக்கு 404 (ஃபைல் இல்லை), அடுத்த வரியிலேயே எக்ஸ்எம்எல் பெயருக்கு 200 (கொடுத்தாச்சு). ஃபைல் போய்ச் சேர்ந்தாச்சு. பெட்டியில் மட்டும் ஒரு மதிப்பும் மாறல, போன் விளக்கும் எரியல. கடைசியில் பார்த்தால் பி34 என்ற அமைப்பு எண்ணில் போட்ட எஸ்ஐபி (இணைய அழைப்புக் கணக்கு) பாஸ்வேர்ட் நடுவே ஒரு &. எக்ஸ்எம்எல்லில் அதை எஸ்கேப் செய்து, அதாவது அதற்கான குறியீடாக மாற்றி எழுதாவிட்டால் ஃபைல் முழுக்கச் செல்லாது. சர்வருக்கு அது எப்படித் தெரியும்?

லைன்மேன்:
எல்லாப் பழியையும் & தலையில் போடாதீங்க. இதே அறிகுறிக்கு வேறொரு காரணமும் உண்டு: ஃபைலுக்குள் பெட்டியின் வன்பொருள் முகவரியைச் சொல்லும் மேக் டேக். ஒரு பெட்டியின் ஃபைலை நகலெடுத்து பெயரை மட்டும் மாற்றினால் உள்ளே பழைய முகவரி கிடக்கும். ஒப்பிட்டுப் பார்த்து பெட்டி நிராகரித்துவிடும். அந்த டேக் கட்டாயமே இல்லை, டெம்ப்ளேட்டிலிருந்து தூக்கிடுங்க. ஃபைல் பெயரிலும் மேக் வரும்: ஸ்டிக்கரில் அது பெரிய எழுத்தில் இருக்கும், பெட்டி கேட்பது சின்ன எழுத்தில். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர், அதற்கும் 404தான்.

டயல்டோன்:
என் ஃபைலில் மேக் டேக்கே கிடையாது சார். & தான்.

போர்ட்69:
இரண்டையும் விடுங்க, ஃபைல் எந்த வழியில் இறங்கணும் என்று சொல்லும் பி212-ஐ முதலில் பாருங்க. 0 டிஎஃப்டிபி, 1 எச்டிடிபி, 2 எச்டிடிபிஎஸ். டிஎஃப்டிபியில் கோரிக்கை 69-ஆம் போர்ட்டுக்குப் போகும், பதில் வேறு போர்ட்டிலிருந்து வரும். வாடிக்கையாளர் வீட்டு ரூட்டர் அதைத் தள்ளிவிடும். ஆபீஸ் உள் நெட்வொர்க்கில் (லேன்) ஓடுவது அங்கே ஓடாததற்கு இதுதான் காரணம். வெறும் எச்டிடிபியும் வேண்டாம். மேக்கின் முதல் ஆறு இலக்கம் தயாரிப்பாளருக்கு உரியது, மீதியை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டுகளை அள்ளலாம். சிஸ்கோவின் எஸ்பிஏ112 பெட்டிக்கு ஃபைலை ஏஇஎஸ்-256-சிபிசி குறியாக்கத்தில் பூட்டி அனுப்புவோர் கவனிக்க: பூட்டும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லில் 1.1.0 முதல், பாஸ்வேர்டிலிருந்து சாவி உருவாக்கும் இயல்பு முறை (டைஜஸ்ட்) எம்டி5-லிருந்து ஷா256-க்கு மாறிவிட்டது. எம்டி5 என்று நாமே சொல்லாவிட்டால் பெட்டியால் திறக்க முடியாது. அப்புறம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஃபைலைக் கேட்கணும் என்ற பி193 நிமிடக் கணக்கு, இயல்பாக 10080, அதாவது ஒரு வாரம். எஸ்பிஏவில் அதே வேலைக்கான ரீசிங்க் பீரியாடிக் விநாடிக் கணக்கு, இயல்பாக 3600. குழப்பிக்கொண்டால் ஒன்று சர்வரைக் குடையும், இன்னொன்று தூங்கும். தப்பு ஃபைல் போய்விட்டால் ஃபைலை மறுபடி எடு என்று சொல்லும் செக்-சிங்க் நோட்டிஃபை செய்தி அனுப்பினால் போதும்.

லைன்மேன்:
எஸ்ஐபி சர்வரில் ரிஜிஸ்டரே ஆகாத பெட்டிக்கு வீட்டு ரூட்டரின் நேட் தாண்டி நோட்டிஃபை எப்படிப் போகும்? அங்கே மின்சாரத்தை அணைத்துப் போடச் சொல்வதுதான் வழி. அதனால் கான்ஃபிக் பாதையான பி237-ஐயும் எஸ்ஐபி விவரங்களையும் ஒரே ஃபைலில் மாற்றாதீங்க. இரண்டிலும் பிழை வந்தால் ஆள்தான் நேரில் போகணும்.

டயல்டோன்:
டிஎஃப்டிபி பற்றி யாரும் கேட்கல! அனுப்பும் முன் எக்ஸ்எம்எல் பிழை பார்க்கும் எக்ஸ்எம்எல்லிண்டில் ஒரு ஓட்டு ஓட்டினால் & எந்த வரி என்று சொல்லிவிடும். சோதனைப் பெட்டியில் பி207-இல் பெட்டியின் லாகை வாங்கும் சிஸ்லாக் சர்வர், பி208-இல் லாக் அளவு போட்டு வைக்கிறேன்.