அம்மம்மாவிடம் வாங்கிய கைநாட்டு

கல்லடியான்:
போன கிழமை சீனி வருத்தம் பற்றிய ஆய்வு என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் இரத்தம் எடுத்தார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். அவ கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பெருவிரலில் மை பூசிவிட்டார்கள். பிரதியும் தரவில்லை. இப்போது விலக முடியுமா?

வாவிக்கரை:
தாராளமாக. காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான 1964 ஹெல்சிங்கி பிரகடனத்தின் வழி வந்த உரிமை அது. விலகினால் கிளினிக்கில் மருந்தை நிறுத்தவும் கூடாது. ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுக்களில் எது இதை அனுமதித்தது, அனுமதி இலக்கம் என்ன என்று முதலில் கேளுங்கள். விளங்காத மொழியில் வாங்கியதெல்லாம் சம்மதமா?

நாவலடி:
2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமிலும் இதே கதைதான். "அலை வரும்போது எங்கே நின்றீர்கள்?" கேள்வி ஒன்று, ஆட்கள் வேறு வேறு. பிஸ்கட் தந்தார்களே என்று பதில் சொன்னோம்.

கல்லடியான்:
சரி, போன் எடுத்தேன். இலக்கத்தைப் "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். அம்மம்மாவுக்குக் கவலை வேறு: "அந்தப் புள்ளைகள் தேத்தண்ணியும் குடிக்காமப் போயிற்றுகள், மனே."