செம்புக் குளியல் தொட்டி: முதல் மாடி தாங்குமா?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் முதல் மாடி, சொந்த வீடு. குளியலறையை மாற்றிக் கட்டும்போது, கையால் அடித்த செம்புத் தொட்டி ஒன்றைத் தனியாக நிற்கிற மாதிரி வைக்க ஆசை. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா, "ஹண்டேயில் (வெந்நீர் காய்ச்சும் செம்பு அண்டா) வெந்நீர்தானே போடுவோம், நீங்களே இறங்கப் போகிறீர்களா?" என்று சிரிக்கிறார்.

கவலை எடைதான். தொட்டி 50 கிலோ, 250 லிட்டர் தண்ணீர் 250 கிலோ, நான் 80. மொத்தம் 380 கிலோ, அதுவும் ஒன்றரை சதுர மீட்டருக்குள். வீட்டுத் தளத்துக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் பாரமோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. கொத்தனார் "ஒன்றும் ஆகாது சார்" என்கிறார். அந்தப் பதில்தான் பயமாக இருக்கிறது. மாடியில் வைத்தவர்கள் பொறியாளரிடம் காட்டினீர்களா? தளத்தைப் பலப்படுத்தச் சொன்னாரா?

அப்புறம், எங்களுக்குப் போர்வெல் தண்ணீர், உப்புப் படியும். புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கும், சரி. ஆனால் வேண்டுமென்றே கறுக்க வைத்த தொட்டியில் அந்த நிறமும் போய்விடுமே, எப்படித் துடைக்கிறீர்கள்?

ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் அடித்துத் தரும் கன்னார் யாராவது இங்கேயோ கும்பகோணம் பக்கமோ தெரிந்தால் சொல்லுங்கள். மூட்டு ஈயப்பற்றா, வெல்டிங்கா என்பதையும் சேர்த்து.