வினிகரில் ஊறவைத்து எடுத்த உளி அன்று மாலையே மறுபடி துருப்பிடித்துவிட்டது. எங்கே தவறு?

கைப்பிடி:

வணக்கம். அப்பாவின் மரவேலைச் சாமான்கள் ஆறேழு வருடமாக டூல் பாக்ஸில் மூடியே கிடந்தன. போன வாரம்தான் திறந்தேன். மூன்று உளி, ஒரு கட்டிங் பிளையர், ஐந்தாறு ஸ்பேனர், ஒரு அரம், ஒரு வெர்னியர் காலிப்பர். எல்லாவற்றிலும் துரு. சிலவற்றில் புள்ளி புள்ளியாக, உளிகளில் படையாக.

முதலில் உளிகளை எடுத்தேன். ஒரு டம்ளரில் வினிகர் ஊற்றி, மரக்கைப்பிடி நனையாமல் நிறுத்தி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் துரு கையோடு வழிந்து வந்துவிட்டது, உள்ளே நல்ல சாம்பல் நிற இரும்பு. குழாயில் கழுவி, துணியால் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் மூன்றிலும் ஆரஞ்சுப் பொடி பூத்திருக்கிறது. போதாததற்கு, வினிகர் மட்டம் நின்ற இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

என்ன தப்பு செய்தேன்? மீதிச் சாமான்களையும் இப்படியே செய்யலாமா? அப்பா கைபட்டவை, என்னால் கெட்டுப்போகக் கூடாது.

உளிப்பட்டறை:

தம்பி, கவலைப்பட வேண்டாம், உளி கெடவில்லை. அந்த ஆரஞ்சுப் பொடி புதுத் துரு, மேலாக மட்டும் இருக்கும். கட்டை விரலில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், பாதி அப்படியே வந்துவிடும்.

நடந்தது இதுதான். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம், சுமார் 5 சதவீதம். துருவைக் கரைப்பது அதுதான். துரு போனதும் மேலே எண்ணெய்ப் பூச்சு எதுவும் இல்லாத வெறும் இரும்பு நிற்கிறது. தண்ணீரில் கழுவினாலும் நுண்ணிய குழிகளில் கொஞ்சம் அமிலம் தங்கிவிடும். ஈரமும் காற்றும் அமிலமும் ஒன்றாகக் கிடைத்தால் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே சிவந்துவிடும்.

ஆகவே வினிகரிலிருந்து எடுத்தவுடன் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து அதில் முக்கிக் கழுவுங்கள். அமிலம் அடங்கிவிடும். அப்புறம் நல்ல தண்ணீர். துணியால் துடைத்தால் மட்டும் காய்ந்ததாக அர்த்தமில்லை, ஹேர் டிரையர் வைத்து இரும்பு கைக்கு வெதுவெதுப்பாகும் வரை காட்டுங்கள். அந்தச் சூட்டோடேயே எண்ணெய் தடவிவிட வேண்டும். எடுப்பதிலிருந்து எண்ணெய் வரை ஒரே மூச்சில் முடிய வேண்டிய வேலை இது. நடுவில் எழுந்து போகக் கூடாது.

கோடு விழுந்தது பாதி முக்கியதால். திரவ மட்டத்தில் காற்றும் அமிலமும் சேர்ந்து அந்த ஓர் இடத்தில் கூடுதலாக அரிக்கும். கைப்பிடி கழற்ற முடியாத சாமானுக்கு டம்ளர் வேண்டாம். பழைய துணியை வினிகரில் நனைத்து அலகு முழுக்கச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பார்த்து, துரு இளகியதும் எடுத்துவிடலாம். ராத்திரி முழுக்க வேண்டியதில்லை. துரு தீர்ந்த பிறகு அமிலம் இரும்பைத்தான் தின்னும்.

ராட்சதன்:

இவ்வளவு சிரமம் எதற்கு? கழிப்பறை ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினால் பத்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும். நான் பழைய கீல்களுக்குச் செய்திருக்கிறேன்.

உளிப்பட்டறை:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் வேகமாகக் கரைத்துவிடும், உளியின் கூர் விளிம்பு முதலில் போகும். அதைவிடப் பெரிய தொந்தரவு அதன் புகை. ஒருமுறை என் பட்டறை மூலையில் அந்த ஆசிட் பாட்டிலை மூடி சரியாக இறுகாமல் வைத்திருந்தேன். சில வாரத்தில் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த ரம்பம், மூலைமட்டம் எல்லாம் துருவேறிவிட்டன. ஒன்றைக்கூட அதில் நான் முக்கவில்லை. மூச்சுக்கும் கண்ணுக்கும் கேடு என்பது தனி. வினிகரையோ எந்த ஆசிட்டையோ பிளீச்சிங் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

திருகாணி:

மற்ற சாமான்களைப் பற்றி நான் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

வெர்னியர் காலிப்பரை எந்த அமிலத்திலும் முக்காதீர்கள். அமிலம் அளவுக்கோடுகளை மங்கச் செய்யும், வாயின் முகத்தையும் அரிக்கும். அப்புறம் அளவு சரியாக வராது. புள்ளித் துருவில் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு பித்தளைத் தகட்டின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். எஃகைவிடப் பித்தளை மென்மையானது, துரு மட்டும் வரும், கீறல் விழாது. உப்புத்தாள் அதன் பக்கமே போக வேண்டாம்.

ஸ்பேனர்கள் பளபளப்பாக இருந்தால் மேலே குரோமியப் பூச்சு இருக்கிறது. அதற்கும் அமிலம் ஆகாது, பூச்சின் ஓட்டை வழியே உள்ளே போய் அடியிலுள்ள இரும்பை அரித்து, பூச்சைத் தூக்கிவிடும். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். குரோமியத்தில் கீறல் விழாது, பழுப்புப் புள்ளி போய்விடும். பூச்சு உரிந்து நிற்கிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள், அந்தச் சில்லு பிளேடு மாதிரி அறுக்கும்.

அரத்தை வினிகரில் முழுசாகப் போடலாம். எடுத்தபின் பித்தளை பிரஷ்ஷால் பல்வரிசை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் அழுக்கு உள்ளேயே இருக்கும்.

கைப்பிடி:

ரொம்ப நன்றி. நேற்று மூன்று உளிக்கும் துணி சுற்றிச் செய்தேன், சோடாத் தண்ணீர், டிரையர், எண்ணெய் எல்லாம் ஒரே மூச்சில். இன்று மாலை வரை ஒரு பொடிகூட இல்லை! ஆனால் அலகு முழுக்கக் கருத்த நிறம், துடைத்தால் துணியில் மை மாதிரி வருகிறது. இது துருவா?

பிளையர் வேறு திறக்கவே மாட்டேன் என்கிறது. கீல் இறுகிக்கிடக்கிறது.

உளிப்பட்டறை:

கருப்பு துரு இல்லை. கார்பன் எஃகை அமிலம் அரிக்கும்போது மேலே மிஞ்சி நிற்கும் கரி அது. பழைய பல் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். கொஞ்சம் கறை நின்றாலும் வேலைக்கு இடைஞ்சல் இல்லை, விட்டுவிடுங்கள்.

பிளையரை இழுத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். கீலின் இரண்டு பக்கமும் இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் மயிரிழை அளவு அசைந்தாலே போதும். திறந்து மூடி, மறுபடி அடித்து, மறுபடி திறந்து மூடி. உள்ளிருந்து பழுப்புக் குழம்பு வரும், அதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். வருவது சுத்தமாகும் வரை நிறுத்தக் கூடாது, ஏனென்றால் உள்ளே தங்கும் துருப்பொடி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியாகக் கெட்டியான எண்ணெய் ஒரு சொட்டு. அந்த ஸ்ப்ரே மட்டும் நெடுநாள் காக்காது, அதில் பெரும்பகுதி ஆவியாகிப்போகிற கரைப்பான்.

திருகாணி:

எண்ணெய் என்றதும் சமையல் எண்ணெயைத் தடவிவிடாதீர்கள். நாள்பட நாள்பட அது பிசினாக இறுகிவிடும், கீலில் போனால் பழைய கதைதான். தையல் மெஷின் எண்ணெய் போதும். பூசிவிட்டு, காய்ந்த துணியால் துடைத்து எடுத்தால் மிஞ்சுகிற மெல்லிய படலமே காப்பு.

டூல் பாக்ஸ் அடியில் துணியோ காகிதமோ விரித்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். வேலை முடிந்ததும் கை வைத்த இடத்தைத் துடைக்காமல் வைக்காதீர்கள், வியர்வையில் உள்ள உப்பு விரல்ரேகை வடிவத்திலேயே துருவை எழுப்பும். என் ரம்பத்தில் அப்படி ஐந்து விரலும் தெரியும்.

கைப்பிடி:

பிளையர் இன்று திறந்துவிட்டது, பதினைந்து தடவையாவது துடைத்திருப்பேன். காலிப்பரும் நழுவி ஓடுகிறது. ஒரே ஒரு சந்தேகம். பெரிய உளியின் தட்டையான பின்பக்கத்தில், துரு போன இடத்தில் கடுகளவு குழி ஒன்று இருக்கிறது. கூர் விளிம்பிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளி. அதையும் தேய்த்து எடுக்க வேண்டுமா?

உளிப்பட்டறை:

இப்போது வேண்டாம். முன்பக்கச் சரிவில் எவ்வளவு குழி இருந்தாலும் தீட்டும்போது போய்விடும். பின்பக்கக் குழி விளிம்பைத் தொட்டால்தான் மரத்தில் கோடு விழும். மூன்று மில்லிமீட்டர் என்றால் பல தீட்டலுக்குத் தாங்கும். குழி விளிம்புக்கு அருகில் வந்துவிட்டதென்று பட்டால், பின்பக்கத்தைச் சாணைக்கல்லில் தட்டையாகப் படிய வைத்து, முனையிலிருந்து இரண்டு விரற்கடை அளவு மட்டும் தேயுங்கள். முழு நீளமும் தேய்க்க வேண்டாம்.