கோடை விடுமுறைக்கு என்ன புத்தகம்? வயதைப் பார்ப்பதா, வாசிப்பைப் பார்ப்பதா?

கோவை அப்பா:
வீட்டில் மூன்று பிள்ளைகள். வயது 5, 8, 12. விடுமுறைக்குப் புத்தகம் வாங்கப் பட்டியல் போட்டுவிட்டேன். சின்னவளுக்குத் துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்கள். நடுவுள்ளவனுக்கு அழ. வள்ளியப்பா பாடல்களும் தெனாலிராமன் கதைகளும். பெரியவனுக்குப் பொன்னியின் செல்வன், ஐந்து பாகமும். வயது பார்த்துப் பெரியவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பிள்ளையையே எடுக்கச் சொன்னால் ஸ்டிக்கர் புத்தகத்தோடு வந்து நிற்கும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அரசுப்பள்ளி டீச்சர்:
இருக்கிறது சார். பிறந்த தேதியை வைத்து ஒரு பிள்ளை தமிழில் எத்தனை வரி தடுக்காமல் படிக்கும் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் பெரியவன் ஆங்கில வழியா? அப்படியென்றால் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் இவன் புத்தகத்தை மூடிவிடுவான். எங்கள் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சிறு புத்தகங்களை வாசிப்புத் திறனை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் இதேபோல நான்கு நிலைகள் உண்டு. தமிழ்க் கதைகள் இலவசம், வேண்டுமென்றால் அச்சடித்தும் கொள்ளலாம். முதலில் பையனை ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் பட்டியல் போடலாம்.

கோவை அப்பா:
ஆங்கில வழிதான் டீச்சர். ஆனால் ஆங்கிலத்தில் 300 பக்க நாவலைச் சாதாரணமாக முடிக்கிறவன். அவனிடம் பக்கத்துக்கு நாலு வரியும் ஒரு யானைப் படமும் இருக்கிற புத்தகத்தை நீட்டினால் என்னை ஒரு பார்வை பார்ப்பான். வாசிப்பு நிலை பார்த்துக் கொடுத்தால் கதை சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது, வயது பார்த்துக் கொடுத்தால் மொழி இடிக்கிறது. எதைத்தான் கொடுப்பது?

வடபழனி வாசகி:
இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். ஆறு வயதுக்குள் என்றால் தமிழில் படப் புத்தகங்கள் தாராளம். பதினைந்தைத் தாண்டினால் கடலே இருக்கிறது. நடுவில் ஒன்பதிலிருந்து பதிமூன்று வரைதான் ரொம்ப நாளாக வறட்சி. இப்போது பரவாயில்லை. சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்ய அகாடமி 2010-லிருந்து கொடுத்துவரும் பால சாகித்ய புரஸ்கார் பரிசுகளைப் பாருங்கள். 2023-இல் வாங்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதியது. 2020-இல் வாங்கியது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. இரண்டும் சின்ன நாவல்கள், மொழியும் எளிது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனைக் குழந்தையாக்கிப் பேசாதவை.

அதே நேரம் டீச்சரோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மரப்பாச்சி புத்தகம் பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றியது. சரளமாகப் படிக்கிற எட்டு வயதுப் பிள்ளை அதை வரி விடாமல் படித்துவிடும். படித்து முடித்ததும் வருகிற கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டாமா? 'பற' நிலைக்கு வந்துவிட்ட பிள்ளை எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டுவிட முடியாது. அந்த இடத்தில் வயதுதான் பேசும்.

அரசுப்பள்ளி டீச்சர்:
உள்ளடக்கம் பற்றிச் சொன்னது சரிதான் வாசகி. அதற்குப் பெரியவர் கூட உட்கார்ந்தால் போதும். வயது முத்திரை குத்துவதை நான் இன்னும் ஏற்கவில்லை. அட்டையில் '6+' என்று இருந்தாலே ஏழாம் வகுப்புப் பையன் கையில் எடுக்க வெட்கப்படுகிறான்.

தாமிரபரணி:
மூன்று பேரும் பிள்ளை தனியாக உட்கார்ந்து படிப்பதை மட்டுமே பேசுகிறீர்கள். வாசித்துக் காட்டினால் என்ன? தானாகப் படிக்க முடிவதைவிடக் கடினமான கதையைப் பிள்ளைகள் காதால் வாங்கிக்கொள்வார்கள். பொன்னியின் செல்வனே 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்த தொடர். வாரம் ஒரு துண்டு என்று மெதுவாகத்தான் போனது. ஐந்து பாகத்தையும் மொத்தமாக மேசையில் அடுக்கிவைத்தால் பையனுக்கு அது பரீட்சைக்கு வந்த பாடத்திட்டம் மாதிரித்தான் தெரியும். ராத்திரி ஒரு அத்தியாயம் நீங்களே வாசியுங்கள். கல்கி அத்தியாயத்தை எந்த இடத்தில் நிறுத்துவார் என்று உங்களுக்கே தெரியும். மிச்சத்துக்குப் பையனே மறுநாள் புத்தகத்தைத் தேடி வருவான்.

உங்கள் மூன்று பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்க 'டோட்டோ-சான்' இருக்கிறது. ஜப்பானில் 1981-இல் வந்த புத்தகம், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருக்கும். அதில் வருகிற பள்ளியில் ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. சேர வந்த முதல் நாளே தலைமையாசிரியர் கோபயாஷி சின்னப்பெண் டோட்டோ-சான் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐந்து வயதுக்காரி ரயில் பெட்டிக்குச் சிரிப்பாள், பன்னிரண்டு வயதுக்காரன் கோபயாஷியை நினைத்துத் தன் பள்ளிக்கூடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பான்.

சிவகாசி பார்சல்:
காமிக்ஸ் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே! முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் தமிழை வேகமாகப் படிக்கப் பழகியதே அதில்தான். தமிழ் இடிக்கிறது, ஆனால் கதை பெரிய பையனுக்கானதாக இருக்க வேண்டும் என்றால் இதைவிட என்ன வேண்டும்? புரியாத சொல்லைப் படம் சொல்லிவிடும்.

கோவை அப்பா:
துப்பாக்கி, குதிரை, வாயில் சிகரெட். வேண்டாம் சார்.

சிவகாசி பார்சல்:
கௌபாய் காமிக்ஸ் நாயகன் லக்கி லூக் 1983-லேயே சிகரெட்டை விட்டுவிட்டுப் புல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்காக உலக சுகாதார நிறுவனம் அவரை வரைந்த மோரிஸைக் கௌரவித்தும்விட்டது. நீங்கள் இன்னும் பழைய கேஸையே நடத்துகிறீர்கள்.

வடபழனி வாசகி:
லக்கி லூக் சரி. ஆனால் இப்போது வருகிற தமிழ் காமிக்ஸில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாற்பது வயதுக்காரர்களுக்காக வருவது. விலையும் அப்படித்தான். நாலைந்து பார்த்து எடுத்தால் போதும்.

இன்னொன்று, யாராவது 'குட்டி இளவரசன்' சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்த்து க்ரியா போட்டது. அருமையான புத்தகம்தான், ஆனால் எட்டு வயதுக்கு வேண்டாம். பாதிப் புத்தகம் பெரியவர்களைக் கேலி செய்வது. பெரியவர்களோடு கொஞ்சம் அல்லல்பட்ட பிறகுதான் அந்தக் கேலி ருசிக்கும்.

கோவை அப்பா:
சரி, பொன்னியின் செல்வனை நானே வாசிக்கிறேன். டோட்டோ-சானையும் ஆதனின் பொம்மையையும் சேர்த்துவிட்டேன். ஆனால் ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கச் சுருக்கம் என்று எழுத வைக்கப் போகிறேன். இல்லையென்றால் படித்தானா, புரட்டினானா என்று எப்படித் தெரியும்?

அரசுப்பள்ளி டீச்சர்:
சார், வருஷம் முழுக்க நாங்கள் செய்கிற வேலை அது. விடுமுறையிலாவது விடுங்கள். படித்தது பிடித்திருந்தால் சாப்பிடும்போது அவனே கதை சொல்லுவான்.

தாமிரபரணி:
பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தவும் விடுங்கள். நாம் எத்தனை புத்தகத்தைப் பாதியில் வைத்திருக்கிறோம்! நம்மிடம் யார் சுருக்கம் கேட்டார்கள்?

கோவை அப்பா:
நிறுத்தலாம், அது நியாயம். முடித்தால் சுருக்கம் உண்டு. அதில் மாற்றமில்லை.

அரசுப்பள்ளி டீச்சர்:
அப்படியென்றால் ஒரு புத்தகத்தையும் முடிக்க மாட்டான், பாருங்கள்.

சிவகாசி பார்சல்:
லக்கி லூக்குக்கும் ஒரு பக்கமா சார், இல்லை படம் வரைந்து கொடுத்தால் போதுமா?