நெறிக்கட்டுக்குப் பற்று போட்டவர்கள் சொல்லுங்கள்

கோவில்பட்டி:
போன வருடம் என் மகளுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி (நிணநீர்க் கணு வீக்கம்) கட்டியது. ஆச்சி வெற்றிலைச் சுண்ணாம்பில் மஞ்சளைக் குழைத்துப் பற்று போட்டார்கள். குழைக்கும்போதே மஞ்சள் நிறம் போய்க் குங்குமச் சிவப்பாகும், பார்த்திருப்பீர்கள். காய்ந்ததும் தோலை இறுக்கிப் பிடிக்கும். "இழுக்குது, வத்திடும்" என்று நம்பி மூன்று வாரம் போட்டோம். தோல்தான் பொரிந்து உரிந்தது, கட்டி அப்படியே நின்றது. தொட்டால் அவளுக்கு வலியே இல்லை. அதனால்தான் நாங்களும் பதறாமல் இருந்துவிட்டோம். சாயங்காலமானால் லேசாக உடம்பு சுட்டது. பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

ஊசியால் கட்டியில் எடுத்துப் பரிசோதித்ததில் காசநோய் என்று வந்தது. இருமலே இல்லாத பிள்ளைக்கு! கழுத்துக் கட்டிகளைக் கண்டமாலை என்று பழைய ஆட்கள் சொன்னதில் இதுவும் அடக்கமாம். 6 மாதம் மாத்திரை. அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாயும் வருகிறது. இப்போது நன்றாக இருக்கிறாள்.

திண்டுக்கல்:
அக்கா, நொச்சி இலை ஒத்தடத்தில் குணமானதாக நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். காலில் முள் தைத்துச் சீழ் பிடித்து, தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. இப்போது யோசித்தால், முள்ளை எடுத்துப் புண் ஆறிய அதே நாட்களில்தான் நெறியும் வடிந்தது. ஒத்தடச் சூடு வலிக்கு இதம், அதை மறுக்க மாட்டேன். மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகச் சோதனைகளில் அழற்சியைத் தணிப்பதும் உண்மை. ஆனால் மேலே பூசினால் உள்ளே இருக்கும் நெறி வற்றும் என்பதற்கு அது சான்று ஆகாது.

தஞ்சாவூர்:
பொன்னுக்கு வீங்கி வேறு கதை. அது நெறியே இல்லை, வைரஸால் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவது. தம்பிக்குத் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். பத்து நாளில் கன்னம் வடிந்தது. பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் நோய், பேர் சங்கிலிக்குப் போனது. ஆனால் அவனுக்கு அப்போது 16 வயது. நடுவில் விரை வீங்கித் துடித்துப்போனான். அரசுத் தடுப்பூசியில் தட்டம்மையும் ரூபெல்லாவும்தான் உண்டு, இதற்குத் தனியாகக் கேட்டுத்தான் போட வேண்டும்.

கோவில்பட்டி:
எல்லாவற்றையும் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். நேற்றுப் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றுக்குக் கூட்டிவந்தார்கள். ஆச்சி சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாச்சு? ரெண்டு வாரம் தாண்டிருச்சா?" என்றுதான் கேட்டார்கள்.